டேஷ்கேம் மாட்டியதும் 101 எடுக்கவில்லையா? கார் எஃப்.எம்.மைத் திரும்பக் கொண்டுவரும் வழி

நேற்றுவரை வடசேரியிலிருந்து தக்கலை வரைக்கும் தெளிவாகக் கேட்ட நாகர்கோவில் வானொலி 101, முன்கண்ணாடியில் இருந்து சாலையைப் பதிவுசெய்யும் கேமராவான டேஷ்கேம் மாட்டிய அன்றே கரகரக்க ஆரம்பிக்கும். சில வண்டிகளில் கரகரப்புகூட இருக்காது. தேடும் பொத்தானை அழுத்தினால் எண்கள் 87.5 முதல் 108 வரை ஓடி, எங்கும் நிற்காமல் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "செட்டு வீக், புதுசு போட்டுருங்க." ஸ்டீரியோ செட்டில் கைவைப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய சோதனைகள் கால் மணி நேர வேலைதான். ஒரு பவர் பேங்க், முக்கால் மீட்டர் ஒயர், ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். இரைச்சல் புதிதாக உள்ளே வருகிறதா, அல்லது வந்துகொண்டிருந்த சிக்னல் நின்றுவிட்டதா? இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும், மருந்து மட்டும் வேறு வேறு. டேஷ்கேம், சார்ஜர், எல்.இ.டி. விளக்கு போன்றவை இரைச்சலைக் கிளப்பும். ஸ்டீரியோ மாற்றுவது, ஆன்டெனா மாற்றுவது, கூரைத் துணியைக் கழற்றி ஒயர் இழுப்பது போன்ற வேலைகள் சிக்னலை அறுக்கும். இரைச்சலுக்குப் போய் ஆன்டெனாவை மாற்றினாலும், அறுந்த ஆன்டெனா ஒயருக்குப் போய் ஃபில்டர் வாங்கினாலும் காசுதான் வீண்.

நம்ம ஊரில் எது சாதாரணம்

இந்த மாவட்டத்தில் எஃப்.எம். எடுப்பது சமதள ஊர்களில் எடுப்பது போல இருக்காது. கிழக்கிலும் வடக்கிலும் மலை, மேற்கிலும் தெற்கிலும் கடல். பேச்சிப்பாறை, குலசேகரம், பாலமோர் பக்கம் மலை மறைவில் 101-ஏ விட்டுவிட்டு வரும். மார்த்தாண்டம் தாண்டிக் களியக்காவிளை போகப்போகத் திருவனந்தபுரத்து நிலையங்கள் ஓங்கும், ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்தால் திருநெல்வேலி நிலையங்கள் ஓங்கும். பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது வரும் நிலையம் இறங்கியதும் போவதும் உண்டு. இவை எதற்கும் டேஷ்கேம் பொறுப்பில்லை.

93.5 இன்னும் வேடிக்கையானது. திருநெல்வேலி சூரியன் எஃப்.எம்., திருவனந்தபுரம் ரெட் எஃப்.எம். இரண்டும் அந்த ஒரே எண்ணில்தான் ஒலிபரப்பாகின்றன. எஃப்.எம். ரிசீவர், ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் சமபலமாக விழும் இடத்தில் வண்டி பத்தடி நகர்ந்தாலே தமிழும் மலையாளமும் மாறிமாறிக் கேட்கும், நடுநடுவே கரகரக்கும். ஆகவே 93.5-ஐ வைத்து எந்தச் சோதனையும் செய்யாதீர்கள்.

சோதனைக்கு இரண்டு நிலையம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பலமானது, நாகர்கோவில் சுற்றுவட்டாரமென்றால் 101. மற்றது உங்கள் இடத்தில் சுமாராக, ஆனால் நிலையாக எடுப்பது. நாகர்கோவிலில் இருப்பவருக்குத் திருவனந்தபுரம் வானொலியின் 101.9 அப்படி அமையலாம். பலமான நிலையம் சின்ன இரைச்சலை மூடி மறைத்துவிடும். குறை இருப்பதைச் சுமாரான நிலையம்தான் காட்டிக்கொடுக்கும். வண்டியை உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியிலோ, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலோ, தகரக் கொட்டகைக்குள்ளோ நிறுத்தாமல் திறந்த வெளியில் நிறுத்துங்கள். சோதனை முடியும்வரை நகர்த்தாதீர்கள். ஒரு மீட்டர் நகர்ந்தாலே எஃப்.எம். சிக்னலின் பலம் மாறும்.

"பாட்டுதான் யூடியூப்ல இருக்கே, எஃப்.எம். எதுக்கு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை, செல்போனும் பல இடங்களில் படுத்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் 12 வோல்ட் பேட்டரியோடு தயாராக நிற்கும் வானொலிப் பெட்டி, வாசலில் நிற்கும் கார்தான்.

கால் மணி நேரச் சோதனை

எஞ்சினை ஓட்டாமல் சாவியை, ரேடியோ மட்டும் ஓடும் ஏ.சி.சி. நிலையில் வைத்து, சுமாரான நிலையத்தைப் போட்டுவிட்டு, புதிதாக மாட்டிய சாதனத்தின் பிளக்கை முழுவதுமாக உருவுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்த டேஷ்கேம், பார்க்கிங் மோடில் சாவியை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். சார்ஜரும் அப்படித்தான்: போன் இல்லாவிட்டாலும் சாக்கெட்டில் செருகியிருக்கும்வரை உள்ளே இருக்கும் சர்க்யூட் வேலை செய்யும். ஃபியூஸ் பெட்டியிலிருந்து மின்சாரம் பிரித்தெடுக்கும் ஃபியூஸ் டேப் போட்டிருந்தால் அந்த ஃபியூஸையே பிடுங்கிவிடுங்கள்.

உருவியதும் நிலையம் தெளிவானால் அது இரைச்சல் கேஸ். மறுபடி செருகியதும் கரகரப்பு திரும்பவேண்டும். இரண்டு மூன்று முறை செருகி உருவி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உருவிய பிறகும் மாற்றமே இல்லையென்றால் சிக்னல்தான் வரவில்லை. அதைக் கீழே ஸ்டீரியோ, ஆன்டெனா பகுதிகளில் பார்க்கலாம்.

அடுத்து எஞ்சினை ஓட்டுங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஏறியிறங்கும் ஊளைச் சத்தம் கேட்டால், ப்ளூடூத்தில் பாட்டுப் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே ஊளை இருந்தால் ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் சம்பந்தமில்லை. அது ஆல்டர்னேட்டர் சத்தம், எர்த் சரியில்லாமல் ஆடியோ வழியாக வருவது. கடைகளில் 'நாய்ஸ் ஃபில்டர்' என்று விற்கும் காயிலும் கன்டென்சரும் சேர்ந்த பெட்டி அந்த ஊளைக்கானது. எஃப்.எம். கரகரப்புக்கு அதை மாட்டினால் ஒன்றும் மாறாது, ஏனென்றால் அது தடுப்பது காதுக்குக் கேட்கும் அதிர்வெண்களைத்தான். 100 மெகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டிப் போய்விடும்.

இன்னொரு அடையாளமும் கவனிக்க வேண்டும். புது ஸ்டீரியோக்கள் சிக்னல் குறைந்தால் உடனே கரகரக்காது. முதலில் இடது வலது என்று பிரிந்து கேட்கும் ஒலி ஒன்றாகி மோனோவாகும், பிறகு 'ஸ்', 'ச்' ஒலிகள் மங்கும், கடைசியில் சத்தத்தையே தாழ்த்திவிடும். "எஃப்.எம். சத்தம் கம்மியாயிடுச்சு" என்று சொல்பவர்களின் குறையும் பல நேரம் இதுதான்.

டேஷ்கேமும் சார்ஜரும் ஏன் இரைகின்றன

காரில் இருப்பது 12 வோல்ட், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14. கேமராவுக்கு வேண்டியது 5 வோல்ட். இந்த இறக்கத்தைச் செய்யும் கன்வெர்ட்டர் மின்சாரத்தை நொடிக்குச் சில லட்சம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. வெட்டு கூர்மையாக இருப்பதால் அதன் மடங்குகள் வரிசையாக மேலேறி 100 மெகாஹெர்ட்ஸையும் தாண்டும். நல்ல தயாரிப்பில் இதை வெளியே விடாமல் தடுக்க உள்ளேயே காயில், கன்டென்சர், சரியான போர்டு அமைப்பு எல்லாம் இருக்கும். மலிவான சார்ஜரில் முதலில் மிச்சம் பிடிப்பது இவற்றில்தான்.

இரைச்சல் பெட்டிக்குள் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. அதை வெளியே வீசுவது கேபிள். 101 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். டேஷ்கேமோடு வரும் கேபிளும் பெரும்பாலும் 3 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். கண்ணாடியின் மேல் விளிம்பில் நீட்டி ஒட்டிய அந்தக் கேபிள், நாம் கேட்காமலே ஒரு நல்ல ஒலிபரப்பு ஆன்டெனா ஆகிவிடுகிறது. ரேடியோவின் ஆன்டெனா ஒயரும் முன்கண்ணாடிக்குப் பக்கத்திலுள்ள அதே தூண் வழியாக இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

யார் குற்றவாளி என்று பிரிக்க பவர் பேங்க். டேஷ்கேமின் கார் சார்ஜரையோ, ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரடியாக ஒயர் இழுக்கும் ஹார்டுவயர் கிட்டையோ கழற்றிவிட்டு, பவர் பேங்க்கிலிருந்து கேமராவுக்குச் சின்ன கேபிளில் மின்சாரம் கொடுங்கள். இரைச்சல் போய்விட்டால் கன்வெர்ட்டர்தான் காரணம், கேமரா நிரபராதி. இரைச்சல் இருந்தால் கேமராவே வீசுகிறது. முன்னும் பின்னும் கேமரா உள்ள செட் என்றால் பின்கேமராவின் கேபிளை மட்டும் கழற்றி இன்னொரு முறை பாருங்கள். பின்கண்ணாடியிலோ கூரையின் பின்பக்கமோ ஆன்டெனா உள்ள வண்டிகளில் மிகவும் அடம்பிடிப்பது இந்தக் கேபிள்தான். படத்தைச் சுமந்துகொண்டு நேராக ஆன்டெனாவின் காலடிக்கே போகிறது.

இரைச்சல் எல்லா நிலையத்திலும் பரவியிருந்தால் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு எண்ணில் மட்டும், அதுவும் நிலையம் இல்லாத இடத்தில் 'அமைதியாக' ஒரு சிக்னல் உட்கார்ந்திருந்தால் அது கேமராவுக்குள் சிப்புகளுக்குத் தாளம் போடும் கிளாக்கின் மடங்கு. 24 மெகாஹெர்ட்ஸ் கிளாக் என்றால் அதன் 4-வது மடங்கு 96-இல் விழும். நீங்கள் கேட்கும் எண்ணில் விழாதவரை அதை விட்டுவிடலாம்.

தீர்வுகளைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

முதலாவது, தூரம். கேபிளை ஆன்டெனா ஒயர் இறங்காத பக்கத்துத் தூண் வழியாக மாற்றிப் போடுங்கள். பிரித்துப் பார்க்காமலே சோதிக்க, கேபிளை ஒட்டாமல் கதவு வழியாகத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் கேட்டுப்பாருங்கள். மிச்சக் கேபிளைச் சுருட்டி ஸ்டீரியோவுக்குப் பின்னால் திணிப்பது வழக்கமான தப்பு. அதைக் கீழே ஃபியூஸ் பெட்டிப் பக்கம் கொண்டுபோங்கள். ஹார்டுவயர் கிட்டின் கன்வெர்ட்டர் டப்பாவும் அங்கேயே, ஸ்டீரியோவை விட்டுத் தள்ளி இருக்கட்டும். இரண்டு ஒயர் குறுக்கே வெட்டிப் போவதில் பாதிப்பு குறைவு, பக்கத்தில் பக்கத்தில் ஒன்றாக ஓடுவதுதான் தொல்லை.

அந்த முன்தூணின் (ஏ பில்லர்) மூடியைக் கழற்றும்போது கவனம். அதன்மேல் 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தால் உள்ளே பக்கவாட்டில் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கேபிள் அதற்குப் பின்னால், தகரத்தை ஒட்டிப் போகவேண்டும். ஏர்பேக்குக்கு முன்னால் குறுக்காக ஒரு கேபிள் போனால், அது விரியும் நேரத்தில் வழிமறிக்கும். இது தெரியாத கடையில் அந்தத் தூணைத் தொடவிடாதீர்கள்.

இரண்டாவது, சார்ஜரை மாற்றுவது. பவர் பேங்க் சோதனையில் கன்வெர்ட்டர் மாட்டிக்கொண்டால், கேமரா தயாரித்த நிறுவனத்தின் சார்ஜரோ ஹார்டுவயர் கிட்டோ போட்டுப் பாருங்கள். இரையும் சார்ஜரைப் பிரித்துக் கன்டென்சர் ஈயம் வைத்துத் திருத்துவதெல்லாம் பொழுதுபோக்குக்கு ஆகும். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு, உங்கள் வண்டியில் செருகி, ரேடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் புத்தி.

மூன்றாவது, ஃபெரைட். கேபிளின்மேல் கவ்வும் கருப்பு உருளைகளைப் பழைய கணினிக் கேபிள்களில் பார்த்திருப்பீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஃபெரைட் க்ளிப் என்று கேட்டால் கிடைக்கும். கேபிளின் தடிமனுக்குச் சரியாக 5 மில்லிமீட்டர் துளை வாங்கினால் கேபிள் ஒரு தடவைதான் உள்ளே போகும். 9 அல்லது 13 மில்லிமீட்டர் துளையுள்ளதை வாங்கி, கேபிளை மூன்று தடவை சுற்றி மூடுங்கள். தடுப்பு சுற்றின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், மூன்று சுற்று கணக்குப்படி ஒன்பது மடங்கு. நான்கு ஐந்துக்கு மேல் சுற்றுவதில் எஃப்.எம். அதிர்வெண்ணில் பலன் இல்லை. சுற்றுகளுக்கு இடையிலேயே அலை தாவிவிடும். க்ளிப்பின் இரண்டு பாதியும் இடைவெளி இல்லாமல் 'டக்' என்று மூடவேண்டும். கேபிள் இடித்துக்கொண்டு ஒரு மில்லிமீட்டர் திறந்திருந்தாலும் பாதி வேலை போச்சு.

வைக்கும் இடம் முக்கியம். இரைச்சல் பிறக்கும் இடத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் ஒன்று. கேமராவே வீசினால் கேமரா முனையில், கன்வெர்ட்டர் வீசினால் கன்வெர்ட்டரின் 5 வோல்ட் பக்கத்தில், தேவைப்பட்டால் 12 வோல்ட் பக்கத்தில் இன்னொன்று. சிவப்பு, கருப்பு இரண்டு ஒயரும் சேர்ந்தே ஃபெரைட்டுக்குள் போகவேண்டும். பழைய கணினியின் மின்சாரப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றும் மஞ்சள் வெள்ளை வளையம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது இரும்புத்தூள் வளையம், இந்த வேலைக்கு உதவாது. கேபிள் கண்ணாடியில் தொங்குமிடத்தில் கனமான ஃபெரைட் ஆடிக்கொண்டிருந்தால் கேமராவின் சாக்கெட் தளரும். கூரைத் துணிக்குள் தள்ளி கேபிள் டை போடுங்கள்.

நான்காவது, எர்த். ஹார்டுவயர் கிட்டின் கருப்பு ஒயரை வண்டியின் பாடியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டில், வளைய டெர்மினல் கவ்வி முறுக்க வேண்டும். ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டியின் போல்ட்டிலோ ஸ்டீரிங் தண்டின் போல்ட்டிலோ வேண்டாம். பெயின்ட்மேல் முறுக்கினால் எர்த் கிடைக்காது. சாதனம் ஓடும்போது மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து, அந்தப் போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டவேண்டும். ஸ்டீரியோவின் எர்த் போல்ட்டையே பகிர்ந்துகொள்ளாமல் வேறு போல்ட் பாருங்கள். ஃபியூஸ் டேப்புக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போதும். ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் கன்ட்ரோல் ஃபியூஸ்களில் டேப் போடவே கூடாது.

கன்டென்சர் வைத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. எல்லோரும் சொல்லும் 0.1 மைக்ரோஃபேரட், 104 என்று எழுதிய செராமிக், நீளமான காலோடு வைத்தால் எஃப்.எம். அதிர்வெண்ணில் கன்டென்சராக நடந்துகொள்ளாது. காலின் நீளமே காயிலாகிவிடும். 102 என்று எழுதிய 1000 பிக்கோஃபேரட்டை, 50 வோல்ட் தாங்குவதாக, காலை ஐந்து மில்லிமீட்டருக்கு வெட்டி, கன்வெர்ட்டரின் 12 வோல்ட் உள்ளீட்டில் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே வையுங்கள். ஃபெரைட்டும் இதுவும் சேர்ந்தால் நல்ல ஃபில்டர். சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கன்வெர்ட்டர்மேல் சுற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். எர்த் செய்யாத தாளால் பெரிய பலன் இருக்காது, சூட்டை மட்டும் அடைத்துவைக்கும், ஷார்ட் ஆகவும் வழி.

எல்.இ.டி. ஹெட்லைட்

பகலில் தெளிவாக எடுத்து, இரவில் மட்டும் நிலையம் போனால் வேறு எங்கும் தேடவேண்டாம். எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் லைட், லோ பீம், ஹை பீம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேளுங்கள். எந்தப் படியில் இரைச்சல் குதிக்கிறதோ அந்த பல்பு. இடது, வலது என்று ஒவ்வொரு பல்பாகக் கழற்றியும் பார்க்கலாம். சிலசமயம் ஒரு பக்கத்து டிரைவர், அதாவது எல்.இ.டி.க்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட், மட்டும் கெட்டிருக்கும்.

டிரைவர் டப்பாவின் உள்ளே வரும் ஒயர், பல்புக்குப் போகும் ஒயர் இரண்டிலும் ஃபெரைட் போடவேண்டும். ஒயர் இரண்டையும் முறுக்கிப் பின்னினால் வீச்சு குறையும். அதற்கும் அடங்காத பல்போடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. எச் 4 ஹாலஜன் 60/55 வாட்டையே திரும்பப் போட்டுவிடுங்கள். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. வைத்தால் எதிரே வருபவர் கண் கூசுவதும் அதோடு ஒழியும். உள்ளே ஒட்டும் வண்ண எல்.இ.டி. பட்டைகளுக்கும் இதே கதை. பட்டையைவிட, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் அதன் கன்ட்ரோலர்தான் அதிகம் இரையும்.

ஸ்டீரியோ மாற்றிய பிறகு எடுக்கவில்லை என்றால்

இங்கே இரைச்சலைத் தேடாதீர்கள். மூன்று இடம் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதல் இடம், நீல ஒயர். குட்டை ஆன்டெனா, சுறாத் துடுப்பு வடிவ ஷார்க் ஃபின், கண்ணாடி ஆன்டெனா உள்ள வண்டிகளில் ஆன்டெனாவின் காலடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் இருக்கும். கம்பெனி செட் அதற்கு 12 வோல்ட் கொடுத்துவந்தது. வெளியே வாங்கி மாட்டும் செட்டில் அந்த வேலை ஆன்டெனா பவர் என்று குறித்த நீல ஒயருக்கு. மாட்டுபவர் மஞ்சள், சிவப்பு, கருப்பு மூன்றையும் இணைத்து, செட் எரிந்ததும் நீலத்தை டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவார். விளைவு: ஊருக்குள் 101 மட்டும் எடுக்கும், சுமாரான நிலையம் ஒன்றுகூட வராது. எஃப்.எம். ஓடும்போது மீட்டரில் நீல ஒயர் 12 வோல்ட் காட்டுகிறதா, அது ஆம்ப்ளிஃபயரின் ஒயரோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைக் கோடுள்ள நீலம் வெளி ஆடியோ ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கானது. வேறு வழியில்லாவிட்டால் ஆன்டெனாவுக்கும் அதையே எடுக்கலாம். ஆனால் இந்த இரண்டிலிருந்தும் கேமராவுக்கோ சார்ஜருக்கோ மின்சாரம் எடுக்கக்கூடாது; செட்டுக்குள் எரியும்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற சில வண்டிகளில் தனி ஒயரே கிடையாது. ஆன்டெனா கேபிளின் நடுக்கம்பி வழியாகவே 12 வோல்ட் மேலே போகும். அதற்குத் தனி ஆன்டெனா அடாப்டர் இருக்கிறது: ஒரு முனையில் வண்டியின் பிளக், மறுமுனையில் செட்டின் பிளக், நடுவே நீல ஒயரோடு சேர்க்க ஒரு ஒயர். அந்த அடாப்டர் இல்லாமல் நேராக நடுக்கம்பியில் 12 வோல்ட்டைத் தொடவிட்டால் செட்டின் டியூனர் போய்விடும்.

இரண்டாவது இடம், பிளக். அடாப்டர் வழியாக மாட்டிய பிளக் பாதி நுழைந்து நிற்பது சாதாரணம். செட்டை உள்ளே தள்ளும்போது கேபிள் இழுபட்டுக் கழன்றும்விடும். பிளக்கை உருவி, முக்கால் மீட்டர் ஒயரின் முனையை உரித்துச் செட்டின் ஆன்டெனாத் துளையின் நடுவில் மட்டும் தொடும்படி செருகி, மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்கள். 75 சென்டிமீட்டர் என்பது இந்த அலைவரிசைக்குக் கால் அலைநீளம். வண்டியின் ஆன்டெனாவைவிட இந்த ஒயரில் நன்றாக எடுத்தால் கோளாறு ஆன்டெனா, கேபிள், ஆம்ப்ளிஃபயர் மூன்றில் ஒன்று. இதிலும் எடுக்காவிட்டால் செட்டைப் பாருங்கள்.

மூன்றாவது இடம் ஆண்ட்ராய்டு செட்டுகளுக்கே உரியது: ரேடியோவின் நாடு எது என்ற அமைப்பு. அது 'அமெரிக்கா' என்று இருந்தால் செட் 100.9, 101.1 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில்தான் நிற்கும், 101.0-இல் நிற்கவே நிற்காது. நாகர்கோவில் வானொலி 100.9-இலும் 101.1-இலும் ஒரே மாதிரிக் கரகரப்போடு கேட்கும், திருநெல்வேலி ஹலோ எஃப்.எம். 106.4-க்கும் அதே கதி. ஆனால் திருவனந்தபுரத்து 101.9-ம் 98.3-ம் கண்ணாடியாகக் கேட்கும். "மலையாளம் நல்லா எடுக்குது, நம்ம ஸ்டேஷன்தான் எடுக்கல" என்ற புகார் வந்தால் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ரேடியோ அமைப்பிலோ ஃபேக்டரி அமைப்பிலோ ஐரோப்பா என்றோ இந்தியா என்றோ மாற்றினால் தீர்ந்தது. ஜப்பான் என்று இருந்தால் 101 என்ற எண்ணே வராது. ஃபேக்டரி அமைப்புக்குள் போனவர்கள் வண்டி மாடல், கேன் பஸ் வரிகளில் கைவைக்காமல் வெளியே வந்துவிடுங்கள். அப்படியே திரையில் எல்.ஓ.சி. என்று எரிகிறதா பாருங்கள். எரிந்தால் செட் பலமான நிலையங்களில் மட்டும்தான் நிற்கும், தூரத்து நிலையங்களையும் தேடும் டி.எக்ஸ். நிலைக்கு மாற்றுங்கள்.

ஆன்டெனாவும் உப்புக்காற்றும்

அழகுக்கு மாட்டிய ஷார்க் ஃபின் பல வண்டிகளில் வெறும் பிளாஸ்டிக் மூடிதான். கம்பியைக் கழற்றிவிட்டு அதை ஒட்டினால் ரேடியோவுக்குக் காது போன மாதிரி. உள்ளே ஒரு துண்டு ஒயரை ஆன்டெனா போல்ட்டில் சேர்க்கும் வகையும் உண்டு. நீளக் கம்பிக்கு அது ஈடாகாது. வாட்டர் சர்வீஸில் கழற்றிய கம்பி டேஷ்போர்டு பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் வண்டி நின்றால் ஆன்டெனாவின் திருகிலும் காலடியிலும் பச்சை பூக்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் தண்ணீர் கேபிளுக்குள்ளேயே இறங்கும். இப்படிப்பட்ட வண்டியில் சாதனம் மாட்டிய அன்று கோளாறு தெரிந்தால், கூரைத் துணியை இழுத்தபோது ஏற்கெனவே அரித்திருந்த இணைப்பு விட்டுப்போனதும் காரணமாக இருக்கலாம். கம்பியைக் கழற்றி, திருகை நைஸ் எமரித் தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, இறுக்கி மாட்டிய பிறகு வெளிப்புறத்தில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதா ஆன்டெனாவை மீட்டரால் அளப்பது சுலபம். பிளக்கைச் செட்டிலிருந்து உருவிவிட்டு, நடுமுனைக்கும் ஆன்டெனாத் திருகுக்கும் அளந்தால் ஏறக்குறைய 0 ஓம். பிளக்கின் வெளி உலோகத்துக்கும் வண்டியின் பாடிக்கும் 1 ஓமுக்குக் கீழே. நடுமுனைக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே இணைப்பே இருக்கக்கூடாது. அங்கே சில ஓம் காட்டினால் கேபிள் எங்கோ நசுங்கி ஷார்ட் ஆகியிருக்கிறது. தூணின் மூடியைப் போடும்போது க்ளிப்புக்கும் தகரத்துக்கும் நடுவே கேபிள் மாட்டியிருக்கலாம், அங்கே முதலில் தேடுங்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆன்டெனாவில் இந்தக் கணக்கு பொருந்தாது.

மற்றவை

ஜி.பி.எஸ். டிராக்கர் 'டிட் டிட் டிட்' என்று விட்டுவிட்டு அடித்தால் அது அதன் சிம் பேசும் சத்தம். ஸ்பீக்கர் ஒயரை விட்டு ஓரடி தள்ளி வைத்தால் போதும். போனிலிருந்து பாட்டை எஃப்.எம். வழியாக அனுப்பும் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் 101-க்குப் பக்கத்து எண்ணில் இருந்தால் வானொலியை மூடிவிடும். நிலையம் இல்லாத எண்ணுக்கு, 101-ஐ விட்டு வெகுதூரம் மாற்றுங்கள். பின்கண்ணாடியில் ஆன்டெனாக் கோடு உள்ள வண்டியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டினால் சிக்னல் விழும். உரிப்பதைத் தவிர வழியில்லை. ஃபாஸ்டாக்மேல் பழிபோடுபவர்களும் இருக்கிறார்கள். அதில் பேட்டரியே கிடையாது, டோல் கேட்டின் ரீடர் அலை பட்டால் மட்டும் பதில் சொல்லும் ஒட்டுவில்லை அது.

எல்லாம் சரிசெய்தபின் மூடிகளை உடனே அடைத்துவிடாதீர்கள். அதே இடத்தில், அதே சுமாரான நிலையத்தில், எஞ்சின், ஏ.சி., ஹெட்லைட், வைப்பர், கேமரா, போன் சார்ஜ் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டுக் கேளுங்கள். பிறகு ஒருமுறை இரவில் மலைப்பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடிகளைப் போடுங்கள். தூண் மூடியின் பிளாஸ்டிக் க்ளிப்கள் இரண்டாம் தடவை கழற்றும்போது உடையக்கூடியவை. நாலைந்து புது க்ளிப் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் வேலை பாதியில் நிற்காது.